கேட்காமல் விட்ட கேள்வி

வானொலி மறையுரை – பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு
(இணைச்சட்டம் 30:10-14, கொலோசையர் 1:15-20, லூக்கா 10:25-37)



பொழுது விடிவதற்கு முன்பே நம் கோரிமேடு விழித்துக்கொள்கிறது. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் என்று பல ஊர்களிலிருந்து வரும் மக்கள் ஜிப்மர் வாசலில் வந்து இறங்குகிறார்கள். கையில் எக்ஸ்ரே உறை, தோளில் துணிப்பை, இடுப்பில் குழந்தை. 1823-இல் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த மருத்துவமனை அது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி. நோய்க்கு அந்தக் கோடு தெரியாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கத்தவர்கள்தாம்.

நோயாளிகளைச் சந்திக்கச் சென்றபோது அங்கே நாம் பார்த்த ஒரு காட்சியோடு இன்றைய சிந்தனையைத் தொடங்குவோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய். கணவருக்கு அறுவைச் சிகிச்சை. இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். அவருக்கு இந்த ஊரில் உறவினர் என்று யாரும் இல்லை. கடன் வாங்கிய கைப்பேசியில் ஊருக்குப் பேசிப் பார்த்தார். உறவினர்கள் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள்; கிளம்பி வந்து சேர இரவாகிவிடும். அவர் பேசியதை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் கேட்டுக்கொண்டிருந்தார். மரக்காணம் பக்கத்துக்காரர்; தம் தாயின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தவர். "நான் குடுக்கிறேன்மா" என்று எழுந்து போனார். அரை மணி நேரம் கழித்து, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

அந்தத் தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ எந்த ஊருப்பா?" என்று கேட்டார். அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். நம் பக்கத்துக் கிராமங்களில், இந்தக் கேள்விக்கு அடுத்து வருகிற கேள்வி என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். "எந்தத் தெரு? என்ன ஆளுங்க?" அந்த இரண்டாவது கேள்வியை அந்தத் தாய் கேட்கவில்லை. இரத்தப் பையில் பிரிவும், எண்ணும், தேதியும் எழுதியிருக்கும். கொடுத்தவரின் சாதியோ, சமயமோ எழுதியிருக்காது.

அன்பர்களே, இதில் நம்மைத் தைத்த ஒன்று உண்டு. இதே தாயும் இதே இளைஞரும், ஒரே ஊரின் வெவ்வேறு தெருக்களில் பிறந்திருந்தால், ஒருவர் வீட்டில் ஒருவர் ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பார்களா? உறுதியாகச் சொல்ல நமக்குத் துணிவில்லை. அதே மனிதர்கள், அதே மனம். இங்கே திறக்கிற அந்த மனம், ஊரில் ஏன் மூடிக்கொள்கிறது?

இந்தக் கேள்வியோடு இன்றைய நற்செய்திக்குள் நுழைவோம். இயேசுவிடம் வந்த திருச்சட்ட அறிஞரும் இரண்டு கேள்விகள் கேட்கிறார். நிலைவாழ்வு பெற என்ன செய்ய வேண்டும் என்பது முதல் கேள்வி. அதற்கு விடை, அவருக்கே தெரிந்திருந்தது: கடவுளை அன்பு செய்வது, அடுத்திருப்பவரை அன்பு செய்வது. அத்தோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால், இரண்டாவது கேள்வியையும் கேட்கிறார். தனக்கு அடுத்திருப்பவர் என்று யாரை எடுத்துக்கொள்வது? அவர் கேட்டது ஓர் எல்லைக்கோடு. எதுவரை அன்பு செய்தால் போதும், எந்தத் தெருவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். நம் ஊர்க் கிராமத்தின் இரண்டாவது கேள்வியும் இதுவேதான்.

இயேசு அவருக்குக் கோடு எதுவும் போட்டுக் கொடுக்கவில்லை. ஒரு சாலையைக் காட்டினார். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலை. ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தூரத்தில் 1000 மீட்டருக்கும் மேல் சரிந்து இறங்குகிற, பாறைகள் நிறைந்த பாலைவனப் பாதை. கள்வர் ஒளிந்திருக்க வசதியான இடம். அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் லேவியரும் பார்த்தார்கள். மறுபக்கமாக விலகிப் போனார்கள். யூதர்கள் வெறுத்து ஒதுக்கிய சமாரியர் நின்றார், இறங்கினார், காயங்களைக் கட்டினார்.

இந்த உவமையை விளக்கும்போதெல்லாம், குருவும் லேவியரும் கல்மனம் கொண்டவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படிச் சொல்வது நமக்கு எளிது. நாம் அவர்களைப்போல் இல்லை என்ற ஆறுதலும் கிடைக்கிறது. இன்று அந்த ஆறுதலைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம்.

நம் சொந்த அனுபவம் ஒன்றை அறிக்கையிடுவது முறை. ஒரு ஞாயிறு காலை. முதல் திருப்பலியை முடித்துவிட்டு, கிளைக் கிராமத்துத் திருப்பலிக்குத் திண்டிவனம் சாலையில் விரைந்துகொண்டிருந்தோம். ஏற்கனவே பதினைந்து நிமிடம் தாமதம். வழியில் இருசக்கர வாகனம் ஒன்று சறுக்கி விழுந்து கிடந்தது. ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். 'ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு போய்விட்டோம். அன்று அந்தக் கிராமத்தில் நாம் ஆற்றிய மறையுரை, அன்பைப் பற்றியது. திரும்பி வரும்போது சாலையில் யாரும் இல்லை. கொஞ்சம் கண்ணாடித் தூள் மட்டும் கிடந்தது. அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது.

நம்மைப்போன்றவர்களைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆய்வே நடந்திருக்கிறது. 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் 40 குருமாணவர்களை வைத்துச் செய்த சோதனையை வெளியிட்டார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. பாதிப் பேருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, இதே நல்ல சமாரியர் உவமை. போகும் வழியில், ஒரு வாசலில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி, முனகிக்கொண்டிருந்தார். அவரை அங்கே உட்கார வைத்தவர்கள் ஆய்வாளர்கள்தாம்.

யார் நின்றார்கள்? நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 100-க்கு 63 பேர் உதவினார்கள். நேரம் சரியாக இருக்கிறது, உடனே போங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 45 பேர். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 பேர். உவமையைப் பற்றிப் பேசப் போனவர்கள், மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகமாக உதவிவிடவில்லை. நல்ல சமாரியரைப் பற்றிப் பேசும் அவசரத்தில், கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனவர்களும் உண்டு.

அந்த மாணவர்கள் கெட்டவர்களா? இல்லை. கடவுளுக்கென்று வாழ்வைக் கொடுக்க முன்வந்தவர்கள். அவர்கள் இதயத்தைச் சுற்றி அமைந்த சூழல் அவர்களை ஓட வைத்தது. நன்மை செய்ய மனம் மட்டும் இருந்தால் போதாது. அந்த மனம் நின்று பார்ப்பதற்கு வேண்டிய இடமும் நேரமும் ஏற்பாடும் இருக்க வேண்டும். இந்த ஓர் உண்மையைத்தான் இன்று நாம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று விரும்புகிறோம்.

நம் நாட்டுச் சாலைகளில் அவசரத்தோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால், காவல் நிலையத்துக்கு அலைய வேண்டுமே, நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டுமே, மருத்துவமனையில் நம்மிடமே பணம் கேட்பார்களே என்ற அச்சம். எத்தனையோ நல்ல மனிதர்களின் கையை அது கட்டிப் போட்டிருந்தது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், இப்படி உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்டத்தின் வலிமையைத் தந்தது. பிறகு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. விபத்தில் உதவுகிறவர்மீது வழக்குத் தொடர முடியாது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இயேசு சொன்ன கதையின் நாயகர் பெயரையே அந்தச் சட்டம் அவருக்கு வைத்திருக்கிறது: நல்ல சமாரியர். மக்களின் மனம் மாறட்டும் என்று காத்திருக்காமல், மனத்தைத் தடுத்த கல்லைப் புரட்டிப் போட்டது அந்தச் சட்டம். ஆகவே, நாம் அன்று சொல்லிக்கொண்ட சாக்குக்கு இனி இடமில்லை.

அவசரமும் அச்சமும் ஒரு பக்கம். 'நாம்' என்று சொல்லும்போது யாரை எண்ணுகிறோம் என்பது இன்னொரு பக்கம். 2005-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மான்செஸ்டர் யுனைடெட் என்ற கால்பந்து அணியின் இரசிகர்கள் தனித்தனியாக நடந்து போகிறார்கள். வழியில் ஒருவர் ஓடிவந்து இடறி விழுகிறார். விழுந்தவர் தம் அணியின் சட்டையைப் போட்டிருந்தால் ஓடிப்போய்த் தூக்கினார்கள். எதிரணியான லிவர்பூலின் சட்டை என்றால், பெரும்பாலோர் பேசாமல் போனார்கள். பிறகு வேறு இரசிகர்களை அழைத்து, தங்கள் அணியைப் பற்றிப் பேசவிடாமல், கால்பந்தை நேசிக்கும் எல்லாரையும் பற்றிப் பேச வைத்து அனுப்பினார்கள். இம்முறை லிவர்பூல் சட்டைக்காரரையும் தூக்கிவிட்டார்கள். எந்தச் சட்டையும் இல்லாமல் சாதாரண உடையில் விழுந்தவரைத்தான் பலர் பார்த்தும் பாராமல் போனார்கள். 'நாம்' என்ற வட்டம் விரிந்தால் உதவியும் விரிகிறது. ஆனால், வட்டம் எவ்வளவு விரிந்தாலும், அதற்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார். நல்ல சமாரியர் கதையை இயேசு சொன்னது அந்த ஒருவருக்காகத்தான்.

இதை நாமும் அனுபவித்திருக்கிறோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அந்த இரண்டு மூன்று நாள்களில், யார் மாடியில் யார் படுத்தார்கள், யார் அடுப்பில் வெந்த சோற்றை யார் சாப்பிட்டார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்த அண்டை வீட்டார், ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தண்ணீர் வடிந்தது. சுவரில் சேற்றுக் கோடு காய்ந்தது. மெல்ல மெல்ல பழைய மௌனமும் திரும்பியது. வெள்ளம் நம்மை 'நாம்' ஆக்கியது உண்மை. வெள்ளம் வந்தால்தான் 'நாம்' ஆவோம் என்றால், அது நம் நம்பிக்கை வாழ்வுக்கு அழகா?

வெள்ளம் இல்லாத நாள்களில் என்ன செய்வது? உத்தரப் பிரதேசத்தின் கிராமங்களில் மேட் லோ என்ற பொருளியல் ஆய்வாளர் இதைத் தேடினார். வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1261 இளைஞர்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை ஒரு மாதம் கிரிக்கெட் ஆட வைத்தார். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல அணி பிரித்ததால், சிலருக்குத் தம் சாதியார் மட்டுமே அணித் தோழர்கள். சிலருக்குக் கலந்த அணி. 2021-இல் வெளியான முடிவு நம் சிந்தனைக்கு உரியது. ஒரே அணியில் தோளோடு தோள் நின்று ஆடியவர்களிடையே, சாதி தாண்டிய நட்பு வளர்ந்தது. எதிரணியாக மோதியவர்களிடம் அந்த நன்மை வளரவில்லை. பெரும்பாலும் குறையவே செய்தது. ஆக, வெவ்வேறு மக்களை ஒரே திடலுக்குக் கொண்டுவந்துவிட்டால் மட்டும் போதாது. ஒரே இலக்குக்காக ஓட வேண்டும். ஒருவர் எடுத்த ஓட்டம் மற்றவருக்கும் வெற்றியாக வேண்டும்.

இன்னொரு திடலையும் பார்ப்போம். 2014-இல் ஈராக்கின் வடபகுதியில், ஐ.எஸ். தீவிரவாதிகளுக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அவர்களுள் கரகோஷ் நகர மக்களும் உண்டு. 2021 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் தேடிச் சென்று ஆறுதல் சொன்ன மக்கள் அவர்கள். அப்படி இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகளில், சிலவற்றில் மட்டும் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பார்த்தார் சல்மா மூசா என்ற ஆய்வாளர். ஆட்டம் முடிந்து ஆறு மாதம் கழித்தும், கலந்த அணியில் ஆடியவர்கள் முஸ்லிம் தோழர்களோடு பயிற்சி செய்ய ஆர்வம் காட்டினார்கள். அவ்வளவு காயப்பட்டவர்களுக்கே இது முடிந்தது. ஆனால், 2020-இல் வெளியான அந்த ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. திடலுக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம் மக்களோடு பழகுவதில் அவ்வளவு மாற்றம் தெரியவில்லை. திடலில் பிறந்த நட்பு தானாகச் சந்தைக்கு நடந்து போய்விடாது. அதை யாராவது கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும்.

சகோதர சகோதரிகளே, உத்தரப் பிரதேசத்தையும் ஈராக்கையும் பற்றிப் பேசுவது எளிது. நம் சொந்த வீட்டுக்கு வருவோம்.

ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பில் 1745-இல் நடந்த ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். அன்று நம் சம்பா கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் சுவருக்கு ஒரு பக்கம். சாதிக் கிறிஸ்தவர்கள் மறுபக்கம். ஒரே பீடம், ஒரே அப்பம், நடுவில் சுவர். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவரின் தூண்டுதலால், ஒதுக்கப்பட்ட மக்கள் தலைமைக் குருவிடம் போனார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் எங்களையும் ஒன்றுபோல் நடத்துங்கள் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. மறுபக்கத்தில் கொந்தளிப்பு எழுந்தது. ஆளுநர் துய்ப்ளேக்ஸ் வரை செய்தி போனது. கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் நம் கதையை எழுதி வைத்திருக்கிறார் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சுவர் ஒருமுறை இடிந்ததால் பிரிவினை முடிந்துவிடவில்லை. வேறு வேறு உருவில் திரும்பி வந்தது. 2008 மார்ச்சில், நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், ஒரே திருமுழுக்குப் பெற்ற இரு பிரிவினருக்கு இடையே மோதல் எழுந்தது. அதைத் தொடர்ந்து நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் பறிபோயின. இதைக் கேட்கும்போது, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நாம் விரல் நீட்ட வேண்டாம். அவர்களில் பலர் இங்கே வந்து, முன்பின் தெரியாத ஒருவருடைய இரத்தத்தால் உயிர் பிழைத்திருப்பார்கள். நம்மில் பலர் அவர்களுடைய ஊரில் பிறந்திருந்தால், அவர்கள் செய்ததையே செய்திருப்போம்.

அப்படியானால் வழி என்ன? திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். எருசலேமின் தொடக்கத் திரு அவையில் இரண்டு மொழி பேசிய மக்கள் இருந்தார்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படாமல் போனார்கள். முணுமுணுப்பு எழுந்தது. 'எல்லாரும் இன்னும் அதிகமாக அன்பு செய்யுங்கள்' என்று ஒரு மறையுரையோடு திருத்தூதர்கள் அதை முடித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. முணுமுணுப்பைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துப் பந்தியின் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! யாருக்குச் சோறு விடுபட்டதோ, அவர்களைச் சேர்ந்தவர்கள் கையிலேயே அகப்பையைக் கொடுத்தார்கள். கடவுளின் வார்த்தை மேன்மேலும் பரவியது என்று அந்தப் பகுதி முடிகிறது. பந்தியைச் சரி செய்ததும் நற்செய்தி வேகம் பெற்றது.

இரத்தம் கொடுப்பதிலும் இதே பாடம்தான். ஒரு காலத்தில் நம் நாட்டில், வறுமைக்கு இரத்தத்தை விற்றவர்கள் இருந்தார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால், 1998 சனவரி 1 முதல் அந்த விற்பனை தடை செய்யப்பட்டது. இப்போது இரத்தம் கொடையாக மட்டுமே வர முடியும். சொந்தபந்தம் உள்ளவர்களுக்குச் சொந்தக்காரர் கொடுப்பார். தொலைதூரத்திலிருந்து தனியாக வருகிற ஏழைக்கு யார் கொடுப்பது? இரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்களை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். ஆகவே, ஆண்டுக்கொரு முறை முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டால் போதாது. வாரந்தோறும் யாராவது போய்க் கை நீட்ட வேண்டும். 18 வயது முதல் 65 வயது வரை, 45 கிலோ எடைக்குக் குறையாத, உடல்நலம் உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. எடுப்பது, எடையைப் பொறுத்து, 350 அல்லது 450 மில்லி. நம் வீட்டுத் தண்ணீர்ச் செம்பில் பாதிகூட இராது.

நம் பங்குக்கு வருவோம். நம் அன்பியங்கள் தெருவாரியாக அமைந்தவை. தெருக்கள் எப்படி அமைந்தவை என்று நமக்குத் தெரியும். ஆகவே நாம் அறியாமலேயே, 'என்ன ஆளுங்க?' என்ற கேள்விக்கு அன்பியமே விடை சொல்லிவிடுகிறது. அன்பியங்களைக் கலைக்கச் சொல்லவில்லை. அவை நமக்குக் கிடைத்த கொடை. ஆனால், திருவிழாச் சமையலுக்கும், ஆலயத்தைக் கழுவி விடுவதற்கும், நோயாளிகளைச் சந்திப்பதற்கும் அன்பியவாரியாக முறை வைப்பதை நிறுத்திப் பார்ப்போமா? சீட்டுக் குலுக்கி எடுத்து, நான்கு தெருக்காரர் ஒரே அடுப்பின் முன் நிற்கட்டும். ஒரே அண்டாவைத் தூக்கும்போது, பிடியின் அந்தப் பக்கத்தில் யார் என்று யாரும் கேட்பதில்லை. தூக்கு என்றுதான் சொல்வோம். அன்பியம் அன்பியமாகப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கும் வழக்கத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். கிரிக்கெட் திடல் நமக்குச் சொன்னது அதுதானே?

இரத்தம் கொடுக்க முன்வரும் நம் இளையோரும் பெரியோரும் ஒரு பட்டியலில் சேரட்டும். வாரத்துக்கு இருவர் என்று முறை வரட்டும். பக்கத்துத் தெரு இந்து நண்பரையும் முஸ்லிம் நண்பரையும் அந்தப் பட்டியலுக்கு அழைப்போம். நாம் செய்யும் தொண்டில் ஓர் இருக்கை தருவதாக எண்ணாமல், அவர்களோடு சேர்ந்து செய்வதாக எண்ணி அழைப்போம். உதவிப் பொருள் வழங்கும் குழுவில், உதவி பெறும் குடும்பங்களிலிருந்தும் இருவர் இருக்கட்டும். யாருக்கு விடுபட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும். இறப்பு நேர்ந்தால், எந்தத் தெருவானாலும் ஒரே தூம்பா, ஒரே வழி, வரிசைப்படி ஒரே கல்லறை நிலம். இறந்தபின் கேட்கப்படும் இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றிலும் கொடியது.

நம் பங்காகவும் ஒன்று உண்டு. இரண்டு திருப்பலிகளுக்கு இடையே அரை மணி நேரம் கூடுதலாக விடுகிறோம். கிளைக் கிராமத்து மக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாலையில் யாராவது கிடந்தால், இனி நம்மிடம் நேரம் இல்லை என்று சொல்லக்கூடாது அல்லவா?

இன்றைய முதல் வாசகத்தில் மோசே, கடவுளின் கட்டளை வானத்திலும் இல்லை, கடலுக்கு அப்பாலும் இல்லை, அது மிக அருகில் இருக்கிறது என்கிறார். நமக்கு அது எவ்வளவு அருகில்! நம் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மரத்தடி. அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற ஒரு குடும்பம். அவர்கள் யார் வீட்டுக்காரர் என்று தெரியாமல் இரத்தம் கொடுக்க நம்மால் முடிகிறது. அந்தத் தாய் கேட்காமல் விட்ட கேள்வியை, நம் ஆலய வாசலிலும் பந்தியிலும் கல்லறையிலும் கேட்காமல் விட நம்மால் முடியாதா?

மன்றாடுவோம். அன்பின் இறைவா, நாங்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை உம்மிடம் கேட்டிருக்கிறோம். நன்மை செய்வது எளிதாகும்படி எங்கள் வீதிகளையும், எங்கள் பந்திகளையும், எங்கள் நேரத்தையும் மாற்றி அமைக்கும் துணிவை இன்று கேட்கிறோம். அன்று நாங்கள் கடந்துபோன அந்த மனிதரை மன்னிப்போடு நினைக்கிறோம். அவரைத் தூக்கிய, பெயர் தெரியாத கைகளை ஆசீர்வதியும். தொலைவிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் நோயாளிகளுக்கு, நாங்கள் அடுத்திருப்பவராக வாழ வரம் தாரும். ஆமென்.